ஊஸ்டரில் கலகம் வராத புதன்கிழமை

ஊஸ்டர், சுவிற்சர்லாந்து
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

என்றும் என் மதிப்புக்குரிய தங்கராஜா அத்தான் அவர்களுக்கு,

இக்கடிதம் தங்கள் கையில் கிடைக்கும் வேளை தாங்களும் அக்காவும் கனடாவின் ஸ்காபறோக் குளிரிலே சளி, முட்டு எதுவுமின்றி இருக்க வேண்டுமென்று நல்லூர்க் கந்தனை மன்றாடிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். இங்கு நானும் ஜெயகௌரியும் மகள் மதுஜாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். உடம்பளவில் என்று ஏன் குறிப்பிட்டேன் என்பதைக் கீழே விபரமாக எழுதியுள்ளேன். இந்தக் காலத்திலே யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தாங்கள் யோசிக்கக் கூடும். புதன்கிழமை தொடக்கம் என்னுடைய கைபேசி ஜெயகௌரியின் கைப்பைக்குள் இருக்கிறது. தொலைக்காட்சியின் வயரையும் காணவில்லை. வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தப் பேனை ஒன்றுதான்.

விசயத்துக்கு வருகிறேன். தாங்கள் பார்த்துத் தந்த, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து மாப்பிள்ளையின் சம்பந்தம் குழம்பிவிட்டதென்று நினைக்கிறேன். மதுஜாவுக்கு எத்தனை சாதகம் பார்த்தோம் என்பது தங்களுக்குத் தெரியும். ஒருத்தருக்குத் தலைமயிர் காணாது என்றாள், ஒருத்தர் சூரிச்சில் இருந்துகொண்டு ஜேர்மன் சொல் ஒன்றும் கதைக்க மாட்டார் என்றாள். அவள் தானாக வாய் திறந்து ஓம் எண்டு சொன்ன ஒரே பெடியன் இந்தக் கிஷோபன்தான். இரவிரவாக் கதைச்சுக் கதைச்சு, காலமை சிரிச்ச முகத்தோட வேலைக்குப் போன பிள்ளை அத்தான். அந்தச் சிரிப்பை நான்தான் கெடுத்துப் போட்டன்.

இதுக்கு முதல் காரணம் நீங்கள், கோவிக்கக் கூடாது. போன புரட்டாதியில நீங்கள் போன் எடுத்து, பெடியன்ர தகப்பன் இரத்தினம் அங்க பழமைவாதக் கட்சிப் பக்கம், சரியான கடும் ஆள், எதிர்த்து ஒரு சொல்லுக் கதைச்சாலும் எழும்பிப் போயிடுவார், கவனமா நட எண்டு சொன்னனீங்கள். எனக்கு அமெரிக்காவைப் பற்றி என்ன தெரியும்? முப்பது வருசம் ரெஸ்ரோரன்ற் குசினிக்குள்ள உருளைக்கிழங்கு சீவினவன். முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு வீட்டில சும்மா இருக்கிறனான்தானே, சம்பந்தியைச் சந்தோசப்படுத்தப் படிப்பம் எண்டு யூரியூப்பைத் திறந்தன். அங்க ஒரு தமிழர், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் காலமை அமெரிக்கா எரியுது எண்டு சொல்லுறார். முதல் நாள் பயந்தன். ரெண்டாம் நாள் இன்னும் எரியுது எண்டார். ஒரு கிழமை கழிய, எரியாத நாளில எனக்குத் தேத்தண்ணி இறங்காமப் போச்சு. ஆர்ப்பாட்டம் செய்யிறவை எல்லாரும் காசுக்கு வந்தவையாம், முகமூடி போட்டவை கடை உடைக்கினமாம், வெளியில இருந்து வந்த சனத்தாலதான் எல்லாக் கரைச்சலுமாம், பட்டாளம் இறக்கினது காணாதாம். நானும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிக்கொண்டு இருந்தன். நடிக்கத்தான் தொடங்கினனான் அத்தான், ஆனா மார்கழி வர, நடிப்பு எங்க முடியுது, தயாபரன் எங்க தொடங்குறான் எண்டு எனக்கே தெரியாமப் போச்சு.

பேந்து எனக்கு ஊஸ்டரிலயும் எல்லாம் சந்தேகமாத் தெரிஞ்சுது. ஸ்ரேசனடியில சறுக்குப் பலகை வைச்சிருந்த ரெண்டு பெடியளைப் பிடிச்சு, சட்டம் ஒழுங்கு எண்டா என்ன தெரியுமோ எண்டு கேட்டன், அவங்கள் வடிவா வணக்கம் சொல்லிப்போட்டு எனக்கு பஸ்சில ஏற உதவி செய்தாங்கள், அது என்ர சந்தேகத்தை இன்னும் கூட்டிச்சு. எங்கட கட்டடத்துக்கு அடியில, இஞ்ச எல்லாக் கட்டடத்திலயும் இருக்கிற மாதிரி, ஒரு பங்கர், யுத்தம் வந்தா ஒளிக்கிற பதுங்குகுழி, இருக்குதெல்லோ, கல்லுக் கதவும் ரெண்டு கொழுக்கியும் போட்டது, சனம் அதுக்குள்ள பழைய சைக்கிளும் கிழங்கும் வைக்கிறது. நான் அதுக்குள்ள அரிசி மூட்டை, மீன் ரின், தண்ணிப் போத்தல் எல்லாம் கொண்டுபோய் அடுக்கினன். கட்டடம் பாக்கிற மனுசன் வந்து, தமிழ்க்கடை திறக்கப் போறீங்களோ எண்டு கேட்டார். மதுஜா ஒருநாள் என்னைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய், வரவேற்பறையில தொங்குற படத்துக்கு முன்னால நிப்பாட்டினாள். ஜெனீவா நடுரோட்டில ரெண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, ஊரில சண்டையை நிப்பாட்டச் சொல்லி நான் சப்பாணி கட்டி இருக்கிற படம், பக்கத்தில அவள் சின்னப் பிள்ளையா ஒரு மட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், பின்னால ட்ராம் ஒண்டு போக ஏலாம நிக்குது. அப்பா, இவருக்கு ஆர் காசு குடுத்தது எண்டு கேட்டாள். அது வேற எண்டு சொன்னன். எப்பிடி வேற எண்டு கேட்டாள். அது வேறதான் எண்டு சொன்னன்.

செவ்வாய்க்கிழமை அவை மூண்டு பேரும் வந்து இறங்கிச்சினம், இரத்தினமும் மனுசி கஜலக்சுமியும் கிஷோபனும். பெடியன் தங்கமான பெடியன் அத்தான், என்ர காலைப் பார்த்துப்போட்டு என்னைக் கதிரையில இருத்தித்தான் கதைச்சவன். விமான நிலையத்தில இருந்து வரேக்க ஊஸ்டர் சந்தியில பொலிஸ் எங்கட காரை மறிச்சுப் போட்டுது. பார்த்தா ஒரு ஆர்ப்பாட்டம். எங்கயோ ஒரு பஸ் தரிப்பிடத்தை எடுக்கப் போகினமாம், அதுக்கு ஒரு சின்னக் கூட்டம் பதாகை பிடிச்சுக்கொண்டு போகுது, முன்னால ஒரு கிழவி நாயோட. இரத்தினம் கார்க் கண்ணாடியை இறக்கி, பசியோட வந்தவன் மாதிரி எட்டிப் பார்த்தார். கூட்டம் சிவப்பு விளக்கைக் கண்டிட்டு நிண்டுது. பச்சை வரத்தான் கடந்துது. கடைசியில வந்தவர் கீழ விழுந்த கடதாசியைப் பொறுக்கிக்கொண்டு போனார். சம்பந்தியின்ர முகம் விழுந்து போச்சு, இதென்ன ஆர்ப்பாட்டம், கோயில் வீதி சுத்துற மாதிரி எண்டார். எனக்கு எங்கட ஊரை நினைக்க வெக்கமாப் போச்சு. அவருக்குக் கிட்டக் குனிஞ்சு, உப்பிடி அமைதியா இருக்கிறவைதான் அண்ணை சரியான ஆபத்தான ஆக்கள் எண்டு சொன்னன். மனுசன் என்ர கையைப் பிடிச்சார் பாருங்கோ. இனி இந்தச் சம்பந்தத்தை ஆராலயும் அசைக்க ஏலாது எண்டு அப்ப நினைச்சன்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கதைச்சு முடிச்சு தட்டு மாத்திறதெண்டு ஏற்பாடு. அவை தங்கட தட்டில பழமும் பட்டுச்சீலையும் கொண்டு வந்திருந்தவை, நாங்கள் எங்கட வெள்ளித் தட்டை மினுக்கி வைச்சிருந்தனாங்கள். சோறு போட முதல் ஜெயகௌரி என்னைக் குசினிக்குள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னா. கஜலக்சுமி அவவோட தனியக் கதைச்சு அழுதவவாம். அவையின்ர மூத்த மகன் போன வருசம் நன்றி சொல்லுற நாள் விருந்தில தகப்பனோட அரசியல் கதைச்சு, வான்கோழியைப் பாதியில விட்டுட்டு எழும்பிப் போனவனாம், இண்டு வரைக்கும் வீட்டுப் படி மிதிக்கேல்லையாம். இருக்கிற ஒருத்தன்ர காரியமாவது ஒழுங்கா நடக்கட்டும், எங்கட மனுசனோட உங்கட மனுசனை அமெரிக்கா கதைக்க விடாதையுங்கோ எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவவாம். நான் ஜெயகௌரிக்குச் சத்தியம் செய்து குடுத்தன். சத்தியமா அத்தான், அந்த நேரம் எனக்குக் கதைக்கிற எண்ணமே இல்லை.

ஆனா ரசம் குடிக்கேக்க இரத்தினம், ஆர்ப்பாட்டக்காரர் எல்லாரையும் பிடிச்சு உள்ள போட வேணும் எண்டார். விருந்தாளி சொல்லுறதை ஆமோதிக்கிறது மரியாதைதானே. நான், உள்ள போட்டா சாப்பாடு குடுக்க வேணும், வெளியில வைச்சே அடக்க வேணும் எண்டன். அவர், வெளியாட்களை உள்ள விட்டதுதான் பிழை எண்டார். நான், அதை நான் நேற்றே சொன்னனான் எண்டன். அவர், தான் அதைப் பத்து வருசத்துக்கு முதலே சொன்னவராம். ரெண்டு பேரும் ஒரே கட்சி, ஒரே கதை, ஆர் கூடப் பழமைவாதி எண்டதுதான் சண்டை. கஜலக்சுமி கறிக் கரண்டியைத் தட்டில வைச்சுப்போட்டு, யாழ்ப்பாணத்தில, சண்டிலிப்பாயில பிறந்த ஒருத்தரும் அளவெட்டியில பிறந்த ஒருத்தரும் ஆரை வெளியாட்கள் எண்டுறியள் எண்டு கேட்டா. அது வேற எண்டு ரெண்டு பேரும் ஒரே குரலில சொன்னம். மதுஜா சுவரில தொங்குற படத்தைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தன்.

அதோட விட்டிருக்கலாம். ஜெயகௌரி கதையை மாத்த எண்டு சீஸ் துண்டு கொஞ்சம் கொண்டு வந்து வைச்சா. இரத்தினம் ஒண்டை வாயில போட்டிட்டு, இதுக்கு நாங்கள் முப்பத்தொன்பது வீதம் வரி போட்டது சரியான வேலை, குறைச்சதுதான் பிழை எண்டார். அத்தான், எனக்குள்ள ஏதோ ஒண்டு எழும்பிச்சு. இந்த சீஸை முப்பது வருசம் துருவின கை இது. எங்கட நாடு உங்களுக்கு என்ன செய்தது எண்டு கேட்டன். உங்கட நாடு எங்கட நாட்டை இவ்வளவு காலமும் ஏய்ச்சுப் போட்டுது எண்டார். எங்கட நாடு ஒருத்தரையும் ஏய்க்கேல்லை, எங்கட மணிக்கூட்டைப் பார்த்துத்தான் உங்கட நாடே எழும்புது எண்டன். நான் இன்னும் வெளிநாட்டவருக்குக் குடுக்கிற சி அனுமதி அட்டைதான் வைச்சிருக்கிறன், சுவிஸ் பிரசை இல்லை எண்டதை ஜெயகௌரி எல்லாருக்கும் முன்னால ஞாபகப்படுத்தினா. அதுக்குள்ள சம்பந்தி கதிரையைப் பின்னால தள்ளிப்போட்டார். மதுஜாவின்ர முகத்தை அந்த நேரம் நீங்கள் கண்டிருக்க வேணும். எழும்பிப் போகப் போறார், எல்லாம் முடிஞ்சுது எண்டு நான் நினைக்கவும் சைரன் ஊதவும் சரியா இருந்துது.

மாசி முதல் புதன்கிழமை மத்தியானம் நாடு முழுக்க சைரன் சோதிச்சுப் பாக்கிறவை எண்டது எனக்குத் தெரியும். வந்த நாள் தொட்டுக் கேக்கிறன். ஆனா இந்த வருசம் நான் இஞ்சத்தைக் கலண்டரையே பார்க்கேல்லை, ஒகையோ நேரத்தில சீவிச்சுக் கொண்டிருந்தனான். அந்தச் சத்தம் தொடங்கின உடன நான் யோசிக்கேல்லை அத்தான், உடம்புதான் யோசிச்சுது. அடுத்த நிமிசம் நான் நிலத்தில குப்புறக் கிடக்கிறன், புது முழங்காலோட. திரும்பிப் பார்த்தா மேசைக்குக் கீழ சம்பந்தி, ரெண்டு கையாலயும் காதைப் பொத்தி, வாயை ஆவெண்டு திறந்து வைச்சுக்கொண்டு கிடக்கிறார், குண்டு விழேக்க காது வெடியாம இருக்க நாங்கள் ஊரில பழகினமே, அதே மாதிரி. மனுசன் அமெரிக்காவில கடை முதலாளி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கிடந்தம். மேல ஒருத்தரும் சிரிக்கேல்லை, சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். மதுஜா மெதுவா, அப்பா இது சோதினைதானே, ஒவ்வொரு வருசமும் ஊதிறதுதானே எண்டாள். எனக்கு அப்பிடியொரு வெக்கம். பிள்ளையளுக்கு முன்னால, சம்பந்திக்கு முன்னால. வெக்கத்தில மனுசன் என்ன எல்லாம் கதைப்பான் பாருங்கோ, நான் எழும்பி நிண்டு, சோதினை எண்டு எல்லாரும் நினைக்கிற நாளிலதானே அவங்கள் கலகத்தைத் தொடங்குவாங்கள் எண்டு சொல்லிப்போட்டன். சம்பந்தி மேசைக்குக் கீழ இருந்து, தயாபரன் சொல்லுறதில விசயம் இருக்கு எண்டார். அண்டைக்கு முழுக்க அவர் என்னோட சண்டை பிடிக்காமச் சொன்ன முதல் சொல்லு அதுதான். பிறகு எங்கால பின்வாங்கிறது, ரெண்டு பேரும் பங்கருக்கு இறங்கினம்.

கீழ கிழங்கு எடுக்க வந்த ஃப்ராவ் ஹூபர் நிண்டா, எங்களுக்குக் கீழ் வீட்டுக் கிழவி. உள்ளுக்கு வந்து கதவைக் கொழுவின எங்களைப் பார்த்து, இது சோதினை அலாரம் எண்டு சொன்னா. நான் மொழிபெயர்த்தன். முதல்ல அப்பிடித்தான் சொல்லுவினம் எண்டார் இரத்தினம். அதையும் மொழிபெயர்த்தன். மனுசி எங்களை ஒருக்கா மேல இருந்து கீழ பார்த்தா, பேந்து என்ர அரிசி மூட்டையில குந்தினா. இது எங்கட ஏதோ விரதம் எண்டு நினைச்சாவோ தெரியேல்லை. நான் மீன் ரின் ஒண்டை உடைச்சன், அவ தன்ர ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தா, மூண்டு பேரும் சாப்பிட்டம். மேல திரும்பவும் சைரன் ஊதிச்சு. அதுக்குள்ள கைபேசி வேலை செய்யாது. கழுத்துப்பட்டிக்காரர் இல்லை, எரியிற அமெரிக்கா இல்லை, எங்களுக்குச் சண்டை பிடிக்க ஒண்டும் கிடைக்கேல்லை. அப்பதான் கண்டன், சம்பந்தி கொஞ்சத்துக்கொருக்கா தன்ர சேட்டுப் பொக்கற்றைத் தொட்டுத் தொட்டுப் பாக்கிறார். நெஞ்சு நோகுதோ அண்ணை எண்டு கேட்டன். இல்லை எண்டு சொல்லி நீல நிற அமெரிக்கப் பாஸ்போட்டை எடுத்துக் காட்டினார்.

"இருபத்தெட்டு வருசமா நான் அந்த நாட்டுப் பிரசை, தயாபரன். இப்ப பால் வாங்கக் கடைக்குப் போறதெண்டாலும் இதைக் கொண்டுதான் போறன். ஆருக்கும் சொல்லாதையும்."

என்ர பொக்கற்றுக்குள்ள இருந்த சி அட்டையை எடுத்து அவருக்குக் காட்டினன், முப்பது வருசமா அது இல்லாம நானும் குப்பை போடக் கூடப் போறதில்லை. ஃப்ராவ் ஹூபரும் ஏதோ காட்ட வேணும் எண்டு நினைச்சு, தன்ர ரெயில் அரைக்கட்டண அட்டையை எடுத்துக் காட்டினா. நல்லாத்தான் இருந்தம் அத்தான். பேந்து, கலகம் இஞ்ச வந்தா முதல்ல ஆரை அனுப்புவினம், என்னையோ அவரையோ எண்டு ஒரு கதை வந்து திரும்பவும் வாக்குவாதப்பட்டம். கடைசியில சம்பந்திக்கு ஒண்டுக்குப் போக வேணும் எண்டு வந்துது, அதோட கதவைத் திறக்க வேண்டியதாப் போச்சு. வெளியில கலகம் ஒண்டையும் காணேல்லை.

மேல வந்து பார்த்தா வீடு வேற மாதிரி இருக்குது. மேசை துடைச்சிருக்கு. முறுக்கு, பயித்தம் பணியாரம், ஒண்டும் இல்லை, கோவத்தில கொட்டிப் போட்டினம் எண்டு விளங்கிச்சு. மதுஜாவின்ர கண் சிவந்திருக்கு, பிள்ளை அழுதிருக்கிறாள். அவையின்ர பட்டுச்சீலையைச் சுத்திக்கொண்டு நிக்கிறாள், குளிராக்கும். கஜலக்சுமி கைப்பையும் கையுமா வாசலில. கிஷோபன் என்ர முகத்தைப் பார்க்க ஏலாம வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். ஒருத்தரும் எங்களோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. போன அவசரத்தில தட்டையும் மாறிக் கொண்டு போட்டினம் அத்தான், எங்கட வெள்ளித் தட்டு அங்க போட்டுது, அவையின்ர தட்டு இஞ்ச கிடக்குது. எவ்வளவு கோவம் இருந்தா அப்பிடி நடக்கும். அண்டு தொடக்கம் ஜெயகௌரி எனக்குச் சோறு போடுறா, கதைக்கிறா இல்லை. என்னைக் காண மதுஜா அறைக்குள்ள ஓடுறாள்.

ஆகையால் அத்தான், தாங்கள்தான் இந்தச் சம்பந்தத்தைத் தொடக்கி வைத்தவர், தாங்களே இதைப் பொருத்தியும் தர வேண்டும். இரத்தினத்தாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கோ. சீஸுக்கு எத்தனை வீதம் வேண்டுமெண்டாலும் வரி போடட்டும், நான் வாய் திறக்க மாட்டன். அமெரிக்காவை ஆர் வேண்டுமானாலும் ஆளட்டும். என்ர பிள்ளை காலமையில சிரிச்ச முகத்தோட வேலைக்குப் போனாக் காணும்.

அக்காவின் முழங்காலுக்கும் தங்கள் இரத்த அழுத்தத்துக்கும் என் பணிவான விசாரிப்புகள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கந்தன் கருணை குறைவின்றிக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
ச. தயாபரன்

பி.கு.: மேலே எழுதின ஒண்டையும் பொருட்படுத்தாதையுங்கோ. முத்திரை கேக்கப் போன இடத்தில ஜெயகௌரி கடிதத்தை வாங்கி நிண்டபடி வாசிச்சா, பாதியில கதிரையில இருந்தா, பேந்து கண்ணீர் வரச் சிரிச்சா. அவை நிக்கிற ஹோட்டலுக்குப் போன் போட்டு கஜலக்சுமிக்கும் வாசிச்சுக் காட்டினா. நாங்கள் கீழ இறங்கின உடன ரெண்டு மனுசிமாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தவையாம், இனி இப்பிடியொரு சந்தர்ப்பம் கிடையாது எண்டு கதவைச் சாத்திப்போட்டு எல்லாத்தையும் முடிச்சுப் போட்டினமாம். எங்களைக் கூப்பிடப் படியில இறங்கின மதுஜாவை ஜெயகௌரிதான் மறிச்சவவாம். தட்டு மாறிப் போகேல்லை, மாத்தினதுதானாம். கிஷோபன்ர விரலில மோதிரம் இருந்ததாம், நான் கவனிக்கேல்லை. கலியாணத் திகதி, மண்டபம், சாப்பாடு எல்லாம் சரியாம். சைரன் மட்டும் இன்னும் கொஞ்சம் ஊதியிருந்தா மேளகாரரையும் பேசி முடிச்சிருப்பினமாம்.

அதோட நீங்களும் அக்காவும் வீடியோவில நிண்டு நல்ல நேரம் பார்த்துச் சொல்லி, அக்கா தேவாரமும் பாடினவ எண்டு இப்பத்தான் அறியிறன். அப்ப நான் உங்களுக்கு எதுக்கு இவ்வளவும் எழுதினன்?

இன்னுமொரு பி.கு.: கழுத்துப்பட்டிக்காரரை விடுற வரைக்கும் தகப்பன்மார் ரெண்டு பேருக்கும் கலியாணத் திகதி சொல்லுறேல்லை எண்டு தீர்மானிச்சிருக்கினம். இரத்தினத்தின்ர கைபேசியும் பறிபோயிட்டுது, பாவம், ஹோட்டல் போனில வீட்டுக்கு எடுத்து, தயாபரன், உமக்காவது திகதி தெரியுமோ எண்டு கேக்கிறார். நீங்கள் அங்க இருந்தனீங்கள்தானே அத்தான். எனக்கிருக்கிறது ஒரே மகள். திகதியை மட்டும் ஒரு வரியில எழுதி அனுப்பிவிடுங்கோ. உறைக்கு வெளியில பெரிய எழுத்தில அமெரிக்க அரசியல் நிலவரம் எண்டு எழுதுங்கோ, இந்த வீட்டில ஒருத்தரும் திறக்க மாட்டினம்.